தோல்வியே காணாதவர்களுக்கு மேட்டர் எழுதுகிறேன்

ஃப்ளெக்ஸ் கடையில் வாசகம் எழுத உட்கார்ந்தால், உலகத்தில் சாதாரண மனிதர்களே கிடையாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். காது குத்திக்கொள்ளும் குழந்தை இளவரசி. வார்டு செயலாளர் சரித்திரம். செத்துப்போனவர் சகாப்தம். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கடை. இந்த வாசகத்துக்குக் கடையில் ‘மேட்டர்’ என்று பெயர். மேட்டர் எழுதுவது நான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, படத்தை வெட்டி ஒட்டி, பின்னால் நெருப்பும் மின்னலும் போடுவது சுமதி. பென்னலூர்க்காரி, நாற்பது வயது, முதலாளி உட்பட யாருக்கும் பயப்படாதவள்.

எம்.ஏ. தமிழ் படித்தவள் இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்கிறார்கள். மகனுக்கு இங்கே கம்பெனியில் வேலை என்று குடிவந்தோம். கம்பெனி அவனைப் புனேவுக்கு மாற்றியது. என்னை யாரும் எங்கும் மாற்றவில்லை. வீட்டில் தனியாக இருந்தால் ஃப்ரிட்ஜ் உறுமுவதையும் அடங்குவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கடையிலாவது பிரிண்டர் ஓடுகிறது, ஒரே வரியை மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி.

சில வருஷங்களாக இந்தப் பக்கம் குத்துச்சண்டை கிளப்புகள் முளைத்துவிட்டன. ஒரு தகர ஷெட், நாலு கயிறு, ஒரு மணல் மூட்டை, ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளிகள். அத்தனை கிளப்புக்கும் ஃப்ளெக்ஸ் வேண்டும். அத்தனை ஃப்ளெக்ஸிலும் ஒரே சொற்றொடர் வேண்டும்: ‘தோல்வியே காணாத.’ கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அபத்தத்துக்குத் தலையாட்டித் தலையாட்டி வருகிற கழுத்துவலி வேறு யாருக்கும் புரியாது.

இன்னும் ஆரம்பிக்கவில்லை

தண்டலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் கிளவுஸ் மாட்டி, புருவத்தைச் சுருக்கி எடுத்த படம் ஒன்றைச் சுமதியின் ஃபோனுக்கு அனுப்பினார். எட்டுக்குப் பத்து வேண்டும், தலைக்கு மேலே கிரீடம் வேண்டும், கிரீடத்துக்கு மேலே ‘தோல்வியே காணாத’ என்று வேண்டும். இந்தச் சொற்றொடருக்குப் பின்னால் எத்தனை வெற்றி என்ற எண்ணைப் போடுவது இங்கே வழக்கம். அந்த எண்ணைக் கேட்டேன். அவர் சுமதியைப் பார்த்தார். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தார். எண் வேண்டாம், இடம் அடைக்கும் என்றார்.

படத்தில் வானமே பாதி இடம் காலியாகக் கிடக்கிறது, எண்ணைத் தாராளமாகப் போடலாம் என்றேன். எத்தனை பேரோடு மோதியிருக்கிறார் என்று மறுபடியும் கேட்டேன். வரி அலுவலகத்திலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

“மொத ஃபைட்டே வர்ற மாசம்தாம்மா. ஆனா இன்னி வரைக்கும் தோக்கல இல்ல?”

விபத்தில்லா நாட்கள்

அவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டோம்.

இந்தப் பைத்தியம் உள்ளூர்க்காரர்களோடு நிற்பதுமில்லை. ஓய்வுபெறும் நண்பருக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் அடிக்க வந்த இரண்டு பேர், பிரிண்ட் வரும்வரை உலக சாம்பியன்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒருவர் தரப் பரிசோதனைப் பிரிவு. அவருக்கு, ஒரு சண்டைகூடத் தோற்காமல் ஓய்வுபெற்றவன்தான் எல்லாரிலும் பெரியவன். ஆயிரம் பீஸ் ஓட்டி ஒரு ரிஜெக்‌ஷன்கூட இல்லை என்றால் அதற்கு மேல் என்ன பேச்சு என்று கேட்டார். மற்றவர் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். தோற்றுத் தோற்றுத் திரும்பி வந்து பட்டத்தைப் பிடித்த இன்னொருவன்தான் பெரியவன் என்றார் அவர்.

மேட்டர் எழுத வேண்டும் என்பதற்காக நானும் பழைய சண்டைகளை ஃபோனில் போட்டுப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்காரர் சொன்ன அந்தப் பரிசுத்தவானையும் பார்த்தேன். எதிராளிக்குக் கால் தளரும்வரை வருஷக்கணக்கில் சாக்குச் சொல்லிக் காத்திருந்து, தளர்ந்த பிறகு கூப்பிட்டு அடித்து, கையைத் தூக்கிக் காட்டுகிறான். சண்டையைப் பார்க்கிற பொறுமை இல்லாதவர்களுக்கு தோல்விக் கணக்கில் நிற்கிற அந்தப் பூஜ்யம் மிகவும் வசதி. ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடலாம். நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், பிரஸ் மிஷின்காரர் அதுவரை பேண்ட் பைக்குள் வைத்திருந்த இடது கையை எடுத்துக் கவுண்ட்டர்மேல் வைத்தார். இரண்டு விரல் இல்லை. மானேஜர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், வருகைப் பதிவில் லீவு என்று போட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு நண்பரைப் பார்த்துச் சொன்னார்:

“கம்பெனி கேட்டாண்ட போர்டு கீது பாரு, விபத்தே இல்லாத நாள் இத்தினின்னு. என் வெரலு போன அன்னிக்கும் அது ஒண்ணு ஏறிக்கினுதாம்பா இருந்துச்சி.”

மாஸ்டருக்கு எல்லா பஸ்ஸும் தெரியும்

கோதண்டம் மாஸ்டர் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். பென்னலூரில் அவருடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. மிஞ்சிய மூலையில் ஷெட் போட்டுக் கிளப் நடத்துகிறார். நான் கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்கு டீச்சரம்மா. ஒரு நாள்கூட யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். கேட்கவில்லை.

அவர் கிளப்பின் பெருமை பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, ஒயர் கம்பெனியில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் வாசம். அவளுக்காக நான் எழுதிய மேட்டர் இந்த ரோட்டில் போகிற எல்லாருக்கும் மனப்பாடம்: ‘தோல்வியே காணாத தென்னாட்டுப் பெண்புலி.’ என் வாழ்க்கையில் அதிகம் பேர் படித்த வரி அதுதான். நினைத்தால் அழுகை வருகிறது.

அடுத்த போட்டிக்கு ஃப்ளெக்ஸ் சொல்ல வந்தபோது, ஏன் எப்போதும் ஞாயிறு காலையிலேயே வைக்கிறீர்கள், சாயங்காலம் வைத்தால் கூட்டம் வருமே என்று கேட்டேன். மனிதர் குஷியில் இருந்தார். எதிராளி தண்டலத்து அஞ்சலை, லாரி உதிரிபாகக் கம்பெனியில் வேலை என்றார். இந்த வாரம் அவளுக்கு சி ஷிப்ட். சனி ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு ஞாயிறு காலைதான் கம்பெனி பஸ்ஸில் இறங்குவாள். அதற்கு முன்னால் பேச்சியோடு மோத வேண்டியவளுக்குத் தொடர்ந்து ஓ.டி. இருந்தது; வரவே முடியவில்லை, அந்த வெற்றியும் பேச்சி கணக்கில் சேர்ந்தது. எந்தக் கம்பெனியில் எந்த வாரம் எந்த ஷிப்ட், எந்த பஸ் எங்கே திரும்பும் என்று இந்தச் சாலை முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் பேனாவைக் கீழே வைத்ததை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

“கையில இன்னா கீது டீச்சரம்மா? எவளுக்கு எந்த வாரம் நைட்டுன்னு தெரிஞ்சிக்கினா போதும், நம்ம பொண்ணு தோக்கவே தோக்காது.”

கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக

ஃப்ளெக்ஸைக் கட்டும்போது ஓரம் கிழிந்துவிட்டது என்று அந்த ஞாயிறு காலை மாஸ்டர் சுமதியைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். கழுத்தில் கம்பெனி அட்டையோடு அஞ்சலை வந்து இறங்கினாள். முப்பது வயது தாண்டிய, தோள் அகன்ற பெண். உடை மாற்றிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை முன்னால் சரிந்தது. கிளவுஸ் கட்டிவிட வந்தவர் தட்டி எழுப்பிக் கட்டினார். மைக்கில் மாஸ்டர், பேச்சியைப் புலி என்றார். அஞ்சலையைப் ‘பல தோல்விகளைக் கண்டவர்’ என்றார். அதென்னவோ அவள் வேடிக்கை பார்க்கப் போன ஊர் மாதிரி.

முதல் ரவுண்டில் அந்தத் தூக்கக் கலக்கத்திலும் அஞ்சலை பேச்சியை இரண்டு முறை கயிறுவரை தள்ளிக்கொண்டு போனாள். இரண்டாவதில் கை இறங்கியது. மூன்றாவதில் கால் அவள் சொல்வதைக் கேட்கவில்லை. பேச்சியின் கையைத் தூக்கினார்கள். பேச்சிக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை, தண்ணீர்க் குழாயடியில் முறை வந்ததும் குடத்தை நகர்த்துகிறவள்போல நின்றாள். நான் அஞ்சலையிடம் போய் ரொம்ப அடியா என்று கேட்டேன். நாற்காலியிலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“அடி ஒண்ணும் இல்லம்மா. ரவுண்டுக்கு நடுவுல ஒக்கார வெக்கிறாங்க பாரு, அதான் பேஜாரு. கண்ணு சொருவிக்கினு பூடுது.”

அண்ணன் வைத்த நிபந்தனை

இரண்டு வாரம் கழித்து பேச்சி தனியாகக் கடைக்கு வந்தாள். காலை ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றவில்லை. அடுத்த ஃப்ளெக்ஸில் ‘தோல்வியே காணாத’ வேண்டாம் என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் ஒரு புகழ்ச்சியைக் குறைக்கச் சொன்னது அன்றுதான். எழுந்து நின்று கும்பிடலாமா என்று தோன்றியது.

ஹாஸ்டலில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில்காரி அஞ்சலையின் கம்பெனியில் வேலை செய்கிறாளாம். அஞ்சலை எப்படி வந்து சண்டை போட்டாள் என்பதை அவள் சொல்லிவிட்டாள். பேச்சி மாஸ்டரைக் கேட்டாள். மாஸ்டர் மறுக்கவில்லை, உனக்காகத்தானே செய்தேன் என்றார். அஞ்சலைக்குப் பகல் ஷிப்ட் வருகிற வாரம் பார்த்து மறுபடி வையுங்கள் என்று இவள் சொல்ல, உன் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வாய் என்று அவர் கேட்டிருக்கிறார்.

அந்த அண்ணன் விஷயத்தைச் சுமதிதான் மெல்லக் கறந்தாள். அப்பா இல்லை. அண்ணன் ஊரில் லோடு வண்டி ஓட்டுகிறான். கம்பெனி வேலைக்கு அனுப்பியவனுக்குத் தங்கை குத்துச்சண்டை போடுகிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஜெயிக்கிறவரைக்கும் ஆடிக்கொள், என்றைக்குத் தோற்கிறாயோ அன்றைக்கு பஸ் ஏறி வந்துவிடு என்றான். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். இப்போது ஒரு மாப்பிள்ளை வீடு வந்து போயிருக்கிறது, அவர்களும் காத்திருக்கிறார்கள். ஒரு ஆண்பிள்ளை தோற்றால் அனுபவம் என்பார்கள். இவள் தோற்றால் பெட்டி கட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது பேச்சி அழவில்லை, கவுண்ட்டர்மேல் கிடந்த பழைய ஃப்ளெக்ஸ் துண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

“தோத்தா ஊருக்குப் போகணும், அது தெரியும்மா. ஆனா இதுவரைக்கும் ஒருத்தியையாவது நெசமா ஜெயிச்சிருக்கேனான்னு எனக்கே தெரியலியே.”

சுமதியின் கட்சி

அவள் போனதும் எனக்கும் சுமதிக்கும் முட்டிக்கொண்டது. நான் உற்சாகத்தில் ஏதேதோ பேசிவிட்டேன். தோற்காமல் இருப்பது ஒரு குணமே இல்லை என்றேன். அலமாரியில் பூட்டிவைத்த பீங்கான்கூடத்தான் உடையாமல் இருக்கிறது என்றேன். எதிரே நின்றது யார், எந்த நிலையில் நின்றார் என்று சொல்லாத எண்ணிக்கை வெறும் எண்ணிக்கை, இந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது, ஊருக்குத் தெரியவில்லை என்றேன். சொன்னவிதம் நன்றாக இருந்ததாக எனக்கே ஒரு திருப்தி.

சுமதி மவுஸைக் கீழே வைத்தாள். மாஸ்டரை ஃபிராடு என்று நானும்தான் திட்டுவேன், ஆனால் அவர் பஸ் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக் கொடுத்த அந்தப் பொய்யில்தான் அந்தப் பெண் இத்தனை நாள் இந்த ஊரில் இருக்கிறாள் என்றாள். கம்பெனி, ஹாஸ்டல் கட்டில், ஞாயிற்றுக்கிழமை சினிமா எல்லாமே அந்த ஒற்றை வரியில் தொங்குகிறது என்றாள். பெருமைக்கு உதவாத அந்தப் பூஜ்யம், அனுமதிச் சீட்டாக உதவிக்கொண்டிருந்தது. இதை எந்தச் சாம்பியன் ரசிகரும் எனக்குச் சொன்னதில்லை. சுமதி முடிக்கவில்லை.

“நீ இன்னா வோணா பேசும்மா. அது தோத்துச்சின்னா அடுத்த முகூர்த்தத்துல தாலி கட்டிப்புடுவானுங்கோ. உன் பேச்சு வந்து அவுத்து வுடுமா?”

இரண்டு பெயர் மட்டும்

கிளப்பை விட்டே போய்விடுவேன் என்று பேச்சி சொன்ன பிறகு மாஸ்டர் இறங்கிவந்தார். அஞ்சலைக்குக் காலை ஷிப்ட் வருகிற வாரம், ஞாயிறு வார விடுமுறை, அன்று மாலையில் சண்டை. பேச்சி இன்னொரு காரியமும் செய்தாள். அண்ணனையே நேரில் வரச் சொல்லிவிட்டாள். தோற்றால் அங்கிருந்தே அழைத்துக்கொண்டு போகலாம், இரண்டு தடவை அலைய வேண்டாம் என்று ஃபோனில் சொன்னாளாம். இதைக் கேட்டுச் சுமதி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மேட்டர் எழுத உட்கார்ந்தேன். புலி போயிற்று. தென்னாடு போயிற்று. கடைசியில் இரண்டு பெயரும் நேரமும் இடமும்தான் மிஞ்சின. சுமதி கேட்டுப் பார்த்தாள், ஒரு மின்னலாவது போடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். வெள்ளைப் பின்னணியில் ‘பேச்சி – அஞ்சலை’ என்று கறுப்பு எழுத்து. வாய்விட்டுப் படித்தால் இரண்டு பெயரும் ஒரே எடையில் விழுந்தன. வாங்க வந்த மாஸ்டர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா டீச்சரம்மா, சண்டைக்குக் கூப்பிடச் சொன்னா நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்ட மாதிரி கீது.”

தூங்கி எழுந்தவளோடு

நாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணன் பின்னால் தகரச் சுவரை ஒட்டி நின்றார். முப்பத்தைந்து வயது, வெயிலில் கறுத்த முகம், தோளில் பை. உட்காரச் சொன்னவரிடம் வேண்டாம் என்று கையசைத்தார்.

தூங்கி எழுந்த அஞ்சலையை அன்றுதான் பார்த்தேன். கால் எங்கே வைப்பது என்று யோசிக்காமல் நடந்தாள். முதல் ரவுண்டு முடிவதற்குள் பேச்சியின் மூக்கில் ரத்தம் வந்தது. இரண்டாவது ரவுண்டில் ஒரு குத்து எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, பேச்சி ஒரு முழங்காலில் விழுந்தாள். ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தேன், அண்ணன் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார். எண்ணி முடிப்பதற்குள் பேச்சி எழுந்தாள். எழுந்தவள் முகத்தில் குழாயடிப் பொறுமை இல்லை. மூன்றாவது ரவுண்டில் அவள் பின்வாங்கவே இல்லை. அவள் விட்ட ஒரு குத்தில் அஞ்சலையின் தலை அப்படியே பின்னால் போய் வந்தது. சுமதி என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

புள்ளிக் கணக்கில் அஞ்சலைக்கு வெற்றி. கூட்டத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கை தட்டினால் புலிக்குத் துரோகம். கை தூக்கப்பட்ட அஞ்சலை அந்தக் கையோடேயே வந்து பேச்சியின் கழுத்தை வளைத்துக்கொண்டாள். முன் வரிசை முழுக்கக் கேட்டது.

“போன தபா தூக்கத்துல தோத்தேன். இன்னிக்கு முழிச்சிக்கினு வாங்கினேன் பாரு, எம்மாடி, எங்கடி வெச்சிருந்த அந்தக் கைய?”

மாஸ்டரின் திருத்தம்

பேச்சியின் கிளவுஸைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. மாஸ்டர் நேராக என்னிடம் வந்தார். ஆறுதல் தேடி வருகிறார் என்று நினைத்து இடம் ஒதுக்கினேன். அவர் அடுத்த மாத ஃப்ளெக்ஸுக்கு மேட்டர் சொல்ல வந்திருந்தார். அவர் சொன்ன முறைப்படி போட்டால் அஞ்சலையும், நானும், சந்தையில் தக்காளி விற்கிறவரும், ஏன், தோற்றுத் தோற்றுத் தேய்ந்துபோன யாரும் அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர்கள்தான். அதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் கோணவில்லை.

“‘ஒரே ஒரு தபா தவிர தோல்வியே காணாத’ன்னு எழுதும்மா. பொய் இல்லையே?”

கூட்டு ரோட்டில்

மறுநாள் கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த சுமதி அப்படியே நின்றுவிட்டாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் பேச்சியும் அண்ணனும். எனக்கு முதலில் முகம் தெரியவில்லை. சுமதி முகத்தைப் பார்க்கவே இல்லை, பைகளைப் பார்த்தாள். ஒரு பைதான் இருந்தது, அதுவும் அவர் தோளில். பேச்சி கம்பெனிச் சீருடையில் இருந்தாள், கழுத்தில் அட்டை. மூக்கு வீங்கி, ஒரு கண்ணின் கீழ் நாவல்பழம் நசுங்கினாற்போல இருந்தது.

ஊருக்கு பஸ் ஏறக் கிளாம்பாக்கம் போக வேண்டும், அதற்கு எந்த பஸ் என்று கேட்க அவர் கடைக்குள் வந்தார். தண்ணீர் கொடுத்தேன். சுமதிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று நேராகக் கேட்டாள். இல்லை என்றார். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வீர்கள் என்றாள். அதைப் பார்த்துக்கொள்ளலாம், அவர்களுக்கு வேறு இடமா கிடைக்காது என்றார். நேற்று தோற்றுவிட்டாளே, நீங்கள் வைத்த நிபந்தனை என்ன ஆயிற்று என்று கேட்க என் நாக்கு நுனிவரை வந்தது. நான் கேட்கவில்லை, சுமதி கேட்டுவிட்டாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். வெளியே கம்பெனி பஸ் வந்து நின்றது. பேச்சி ஏறுவதற்கு முன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த பஸ் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“போன்ல ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னுதாம்மா சொல்லுவா, ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கப்பு வாங்குத மாதிரின்னு நெனச்சிட்டேன். கீழ விழுந்து எந்திரிச்சா பாருங்க, அப்பத்தான் இவ இங்க என்ன பண்ணுதான்னே எனக்குத் தெரிஞ்சுது.”

எத்தனை அடி ஃப்ளெக்ஸில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் ‘தோற்கவில்லை’ என்பது நடக்காத ஒன்றைப் பற்றிய செய்திதான், ஆனால் அதற்கும் மின்னல் போட்டுக் கேட்கிறார்கள், போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.